கடைக் குமாஸ்தா ஜனாதிபதியான கதை

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சிலி நாட்டில் உள்ளது வால்பரைசோ துறைமுகம். 1830களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கடையில் இளைஞர் ஒருவர் குமாஸ்தாவாக வேலை பார்த்து வந்தார். சொந்த நாடு பக்கத்து அர்ஜென்டினா. அரசியல் சண்டையில் தோற்ற பக்கத்தில் இருந்ததால், ஆண்டீஸ் மலையைத் தாண்டிப் பிழைக்க வந்தவர்.

மாதம் ஒரு பொன் நாணயம் சம்பளம். அதில் பாதியை ஆங்கிலம் கற்றுக் கொடுத்த ஆசிரியருக்குக் கொடுத்து விடுவார். அது போக, தெருவில் ரோந்து வரும் இரவுக் காவற்காரனுக்கு வாரம் இரண்டு ரியால். எதற்காக? இரவு இரண்டு மணிக்கு வந்து தம்மை எழுப்பி விடுவதற்காக! பகலெல்லாம் கடையில் நிற்க வேண்டும். படிப்பதற்கு வேறு நேரம் இல்லை.

சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1868-ல், அந்தக் குமாஸ்தா அர்ஜென்டினாவின் ஜனாதிபதியானார். பெயர் டொமிங்கோ பௌஸ்டினோ சார்மியன்டோ. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டவர் என்று அந்த நாடு அவரைப் போற்றுகிறது. ஏழைகளின் ரத்தத்தை மலிவாக நினைத்தவர் என்று தூற்றுவோரும் அங்கேயே இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

தறி கட்டிய வீடு

சார்மியன்டோ 1811 பிப்ரவரி 15-ம் தேதி சான் ஹுவான் என்ற ஊரில் பிறந்தார். ஆண்டீஸ் மலையடிவாரத்தில், தலைநகர் புவனஸ் அயர்ஸிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊர் அது. தந்தை கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிச் செல்லும் வேலை பார்த்தவர். ஸ்பெயினுக்கு எதிரான சுதந்திரப் போர் வந்தபோது அதிலும் சேர்ந்து கொண்டார். வீட்டில் காசு தங்கியதில்லை.

குடும்பத்தைத் தாங்கியவர் தாயார் பவுலா. அத்திமரத்தின் நிழலில் தறியைப் போட்டுத் துணி நெய்வார். கல்யாணத்துக்கு முன்பே, நெய்து சம்பாதித்த காசில் தமக்கென்று ஒரு சிறு வீடு கட்டிக் கொண்டவர் அவர். அந்த வீட்டில் பதினைந்து குழந்தைகள் பிறந்தன. பெரியவர்களாகும் வரை தங்கியவை சில மட்டுமே. தாயாரையும் அந்தத் தறியையும் பற்றிப் பிற்காலத்தில் தமது வாழ்க்கை நினைவுகளில் சார்மியன்டோ மிக உருக்கமாக எழுதியிருக்கிறார்.

1816-ல் சான் ஹுவானில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்ட பள்ளி அது. ஐந்து வயதுச் சிறுவன் அங்கே போய் உட்காரும்போதே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்தது. கெட்டிக்காரப் பையன் என்று பெயரும் எடுத்தான்.

1823-ல் புவனஸ் அயர்ஸ் கல்லூரியில் படிக்க மாகாணப் பிள்ளைகளுக்கு அரசு உதவிச் சம்பளம் வந்தது. மனுப் போட்டவர்கள் அதிகம். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இவன் பெயர் வரவில்லை. அதோடு கல்லூரிப் படிப்பு போயிற்று. குலுக்கலில் போன படிப்பை அவர் கடைசி வரை மறக்கவே இல்லை.

பிறகு பாதிரியாரான மாமா ஒருவரிடம் கொஞ்ச காலம் படித்தார். மாமா இருந்த குக்கிராமத்தில் பதினைந்து வயதிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். மாணவர்களில் சிலர் ஆசிரியரை விட வயதில் மூத்தவர்கள்! அதன் பின் சான் ஹுவானுக்குத் திரும்பி, உறவினர் கடையில் விற்பனைக்கு நின்றார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் புத்தகம். அப்போது கைக்குக் கிடைத்தது அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்ளினின் வாழ்க்கை வரலாறு. அச்சுத் தொழிலாளியாகத் தொடங்கி நாட்டின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தவர் பிராங்ளின். அவரைப் போலத் தாமும் ஆக முடியும் என்ற நினைப்பு அந்த இளைஞனுக்கு அன்றே விழுந்தது.

ஒரு நாள் ஊர்க்காவல் படையில் முறை வேலைக்கு வரச் சொல்லி உத்தரவு. போனால் கடையை மூட வேண்டும். ஆட்சேபித்து எழுதிக் கொடுத்தார். கவர்னர் கூப்பிட்டனுப்பினார். இவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். கவர்னர் பதில் வணக்கம் சொல்லவில்லை. உடனே இவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக் கொண்டார். விளைவு சிறைவாசம். அரசியல் அவரைப் பிடித்துக் கொண்டது அப்படித்தான்.

சிவப்பு நாடா ஆட்சி

அன்றைய அர்ஜென்டினா ஒரே நாடாக உருவாகியிருக்கவில்லை. 1816-ல் சுதந்திரப் பிரகடனம் செய்தாகி விட்டது. ஆனால் அதிகாரம் புவனஸ் அயர்ஸில் குவிந்திருக்க வேண்டுமா, மாகாணங்களுக்கு வேண்டுமா என்ற தகராறு தீரவில்லை. ஒற்றை ஆட்சி வேண்டும் என்றவர்கள் ஒரு கட்சி. கூட்டாட்சிக்காரர்கள் மற்றொரு கட்சி. வாதம் சபையில் நடக்கவில்லை. குதிரை மேல் ஈட்டியோடு நடந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு படைத்தலைவன் வைத்ததே சட்டம்.

சார்மியன்டோ ஒற்றை ஆட்சிக் கட்சியில் சேர்ந்தார். 1831-ல் எதிர்க்கட்சிப் படைத்தலைவர் பகுண்டோ கிரோகா சான் ஹுவானைப் பிடித்தபோது சிலிக்கு ஓடினார். அங்கே பள்ளி ஆசிரியர், கடைக் குமாஸ்தா, பிறகு வெள்ளிச் சுரங்கத்தில் மேஸ்திரி. சுரங்கத்தில் வேலை பார்த்த நாட்களில் வால்டர் ஸ்காட்டின் நாவல்களை ஆங்கிலத்தில் நாளுக்கு ஒரு பாகமாகப் படித்துத் தள்ளினார்.

இதற்கிடையில் 1835-ல் கிரோகா கொலை செய்யப்பட்டார். அதே ஆண்டு ஹுவான் மனுவேல் டி ரோசாஸ் புவனஸ் அயர்ஸின் கவர்னர் பதவியை வரம்பற்ற அதிகாரங்களோடு ஏற்றார். பெயருக்குத்தான் கவர்னர், உண்மையில் நாட்டின் சர்வாதிகாரி. விசுவாசத்தைக் காட்ட ஆணும் பெண்ணும் சிவப்பு நாடா அணிய வேண்டும். அணியாதவர் எதிரி. ரோசாஸின் ஆட்கள் இரவில் கதவைத் தட்டினால் உயிர் பிழைப்பது சந்தேகம்.

1836-ல் கடும் காய்ச்சலோடு ஊர் திரும்பிய சார்மியன்டோ 1839-ல் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, பெண்களுக்கு ஒரு பள்ளி. மற்றொன்று, 'எல் சோண்டா' என்ற பத்திரிகை. பத்திரிகை ஆறு இதழ்கள்தான் வந்தது. மாகாண கவர்னர் அச்சுக் கூலியை ஏற்றினார். கட்ட மறுத்தவரைச் சிறையில் வைத்தார்.

1840 நவம்பரில் மறுபடி கைது. சிறைக்கு வெளியே கூடிய கும்பல் அவரை அடித்தது; உயிர் தப்பியதே பெரிது. நாடு கடத்தப்பட்டார். மலைப்பாதையில், சோண்டா என்ற இடத்தில், ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் பிரெஞ்சு மொழியில் ஒரு வரி எழுதினார். கருத்துகளுக்குச் சாவில்லை என்பது அதன் பொருள். என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரிகளுக்கு விளங்கவில்லை. படித்துச் சொல்ல ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று என்று பிறகு சார்மியன்டோவே கிண்டலாக எழுதினார்.

அகதியின் பேனா

சிலியில் இந்த முறை வாசல் திறந்தது. 1841-ல் வால்பரைசோவின் 'எல் மெர்குரியோ' பத்திரிகையில் ஒரு போர் நினைவுக் கட்டுரை எழுதினார். பெயர் பரவியது. அமைச்சர் மனுவேல் மான்ட் அவரைத் தம் பக்கத்தில் வைத்துக் கொண்டார். 1842-ல் தலைநகர் சான்டியாகோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதன் தலைவராக இவரை நியமித்தார். தென் அமெரிக்காவில் தொடக்கத்தில் தோன்றிய அவ்வகைப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் ஆசிரியர்களுக்கு ஆசிரியரானார்.

1845-ல் 'எல் புரொக்ரெசோ' பத்திரிகையில் தொடராக வந்தது அவருடைய 'பகுண்டோ'. செத்துப் போன கிரோகாவின் கதையைச் சொல்வது போல உயிரோடிருந்த ரோசாஸைத் தாக்கிய நூல். நகரம் என்றால் நாகரிகம், வெட்டவெளிப் புல்வெளி என்றால் காட்டுமிராண்டித்தனம். அர்ஜென்டினாவின் வரலாறே இவ்விரண்டின் சண்டைதான் என்பது அதன் சாரம். லத்தீன் அமெரிக்க இலக்கியத்தின் பெரிய நூல்களில் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள். ரோசாஸ் அரசு ஆளை ஒப்படைக்கும்படி சிலியைக் கேட்டது. சிலி மறுத்து விட்டது.

ஆனால் அந்த நூலில் ஒரு விஷ விதையும் இருந்தது. புல்வெளியில் மாடு மேய்த்துக் குதிரை மேலேயே வாழ்ந்த ஏழைகளுக்குக் கௌச்சோக்கள் என்று பெயர். அவர்களையும், நாட்டின் பழங்குடி மக்களையும் திருத்த முடியாத காட்டுமிராண்டிகளாகவே சார்மியன்டோ பார்த்தார். அந்த விதை பிறகு முளைத்தது.

செலவுக் கணக்கு

1845 முதல் 1848 வரை சிலி அரசு அவரைப் பள்ளிக்கூடங்களைப் பார்த்து வர ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது. கையில் ஒரு கணக்கு நோட்டு. சுருட்டு வாங்கிய காசு வரை அதில் எழுதி வைத்தார். பிரான்சில் சுதந்திரப் போரின் தலைவரான கிழ ஜெனரல் சான் மார்ட்டினைக் கண்டு பேசினார்.

1847-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பொதுப் பள்ளிகளுக்குப் பாடுபட்ட ஹோரஸ் மானைத் தேடிப் போனார். இங்கே ஒரு சங்கடம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கற்ற ஆங்கிலம் கண்ணுக்குப் பழகியிருந்ததே தவிர, நாவுக்குப் பழகவில்லை. ஹோரஸ் மானின் மனைவி மேரிக்குப் பிரெஞ்சு தெரியும். அந்த அம்மையார் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க, இருவரும் பேசினார்கள். வரி போட்டு அந்தப் பணத்தில் பள்ளி நடத்துவது, ஆண், பெண் இருபாலருக்கும் இலவசக் கல்வி, பயிற்சி பெற்ற பெண்களை ஆசிரியைகளாக அமர்த்துவது: இந்த மூன்றையும் அங்கிருந்து எடுத்துக் கொண்டார். மேரி மான் ஆயுள் முழுதும் அவருக்குத் தோழியாக இருந்தார்.

1852 பிப்ரவரி 3-ம் தேதி கசேரோஸ் போரில் ரோசாஸ் தோற்று இங்கிலாந்துக்கு ஓடினார். வென்ற படையில் செய்திக் குறிப்பு எழுதும் அதிகாரியாகச் சார்மியன்டோவும் இருந்தார். ரோசாஸின் மாளிகைக்குள் போய், ரோசாஸின் மேஜையில், ரோசாஸின் பேனாவாலேயே நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்!

அழியாத கறை

1862-ல் சொந்த ஊரான சான் ஹுவானுக்குக் கவர்னராக வந்தார். பக்கத்து லா ரியோஹா மாகாணத்தில் பெனியலோசா என்ற முதிய படைத்தலைவர் மத்திய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். 'எல் சாச்சோ' என்று ஏழைகள் அன்பாக அழைத்த மனிதர். அவர் பின்னே திரண்டவர்கள் கௌச்சோக்கள். அவர்களை ஒடுக்கும் பொறுப்பு சார்மியன்டோவிடம் வந்தது.

1863 நவம்பர் 12-ம் தேதி பெனியலோசா பிடிபட்டார். ஆயுதத்தை ஒப்படைத்த பிறகு அவரைக் கொன்றார்கள். தலையை வெட்டி ஓல்டா என்ற ஊரின் சதுக்கத்தில் கம்பத்தில் நட்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் இதைக் கேட்டுத் தலைகுனிந்திருக்க வேண்டும். சார்மியன்டோ அப்படிச் செய்யவில்லை. நடந்தது சரி என்று ஜனாதிபதி மித்ரேவுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கௌச்சோ ரத்தத்தைச் சிக்கனம் பிடிக்க வேண்டாம் என்ற பொருள்பட அதே மித்ரேவுக்கு எழுதியவர் அவர்.

ஹோசே எர்னாண்டஸ் என்ற பத்திரிகையாளர் பெனியலோசா கொலையைக் கண்டித்து உடனே எழுதினார். அதே எர்னாண்டஸ் 1872-ல், சார்மியன்டோ ஜனாதிபதியாக இருக்கும்போதே, ஒரு கௌச்சோ தன் துயரத்தைத் தானே சொல்வதாக 'மார்ட்டின் பியரோ' காவியத்தை வெளியிட்டார். படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இன்று அர்ஜென்டினாவின் தேசிய காவியம் அதுதான்.

மகன் விழுந்த களம்

1865-ல் சார்மியன்டோ அமெரிக்காவுக்குத் தூதராகப் போனார். அப்போது அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே மூன்றும் சேர்ந்து பராகுவேயுடன் போரில் இறங்கியிருந்தன. அவருடைய மனைவி பெனிட்டாவின் மகன் டொமிங்கிட்டோ. சார்மியன்டோ தம் பெயர் கொடுத்துத் தாமே எழுத்தறிவித்து வளர்த்த பிள்ளை. படிப்பை விட்டுவிட்டுப் போருக்குப் போனான். 1866 செப்டம்பர் 22-ம் தேதி குருபைத்தி என்ற இடத்தில் நடந்த தாக்குதலில் கேப்டன் டொமிங்கிட்டோ உயிரிழந்தான். வயது இருபத்தொன்று.

பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த தந்தைக்குச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அந்தத் துயரம் ஆறவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1886-ல், மகனுடைய வாழ்க்கையை ஒரு நூலாக எழுதினார்.

அவர் வெளிநாட்டில் இருந்தபோதே 1868-ல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்கவில்லை. தமக்கென்று சொந்தக் கட்சியும் இல்லை. கப்பலில் நாடு திரும்பும் வழியில்தான் தாம் வெற்றி பெற்ற செய்தியை அறிந்தார். அக்டோபர் 12-ம் தேதி பதவி ஏற்றார்.

ஆறு ஆண்டுகள்

பதவிக்கு வந்த மறு ஆண்டே நாட்டின் முதல் ஜனத்தொகைக் கணக்கை எடுக்கச் செய்தார். 18 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் கைநாட்டு. எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

1868-ல் சுமார் 30,000 குழந்தைகள் பள்ளியில் இருந்தார்கள். 1874-ல் அவர் இறங்கும்போது சுமார் 1,00,000 பேர். பரானா நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதன் முதல் தலைவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்ஸ் என்ற அமெரிக்கர். மேரி மானின் உதவியோடு அமெரிக்காவிலிருந்து ஆசிரியைகளை வரவழைக்கும் ஏற்பாடும் செய்தார். பல ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். மொழி புதிது, மதம் வேறு, ஊர் வெகு தூரம். அப்படியும் பலர் அங்கேயே தங்கி, உள்ளூர்ப் பெண்களை ஆசிரியைகளாக்கினார்கள்.

1870-ல் நூலகச் சட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் கூடி எவ்வளவு பணம் திரட்டுகிறார்களோ அவ்வளவு பணத்தை அரசும் போடும். புத்தகம் வாங்கி அனுப்பும். இதனால் சின்ன ஊர்களிலும் நூலகங்கள் முளைத்தன. 1871-ல் கோர்டோபா நகரில் வானாராய்ச்சி நிலையம் திறந்தார். சோற்றுக்கே திண்டாடும் நாட்டுக்கு நட்சத்திரம் எதற்கு என்று கேட்டார்கள். புதிய நாடு என்பதற்காக அறிவில் பின்தங்கி நிற்க வேண்டியதில்லை என்பது அவர் பதில். ரயில் பாதை 573 கிலோமீட்டரிலிருந்து 1,331 கிலோமீட்டராக நீண்டது. தந்திக் கம்பிகள் மாகாணங்களை இணைத்தன.

குறைகளும் குவிந்தன. 1871-ல் புவனஸ் அயர்ஸில் மஞ்சள் காய்ச்சல் பரவி சுமார் 14,000 பேர் மாண்டார்கள். ஜனாதிபதி ரயில் ஏறி ஊரை விட்டுப் போனார். பத்திரிகைகள் கிழித்தன. மாகாணக் கிளர்ச்சிகள் ஓயவில்லை. எதிரிகள் அவரைப் 'பைத்தியம்' என்றே அழைத்தார்கள்.

1873 ஆகஸ்டில் ஓர் இரவு கோச்சு வண்டியில் போய்க் கொண்டிருந்தார். கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள் வழிமறித்துச் சுட்டார்கள். மருந்தை அளவுக்கு மீறித் திணித்திருந்ததால் துப்பாக்கி வெடித்துச் சுட்டவன் கையே சிதைந்தது. வண்டிக்குள் இருந்த ஜனாதிபதிக்கு ஒன்றுமே தெரியாது. அதற்குள் அவருக்குக் காது நன்றாக மந்தமாகி விட்டிருந்தது! பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்து கொண்டார்.

குடியேறியவர் மொழி

1874-ல் பதவி முடிந்ததும் தம் கல்வி அமைச்சராக இருந்த அவெல்லனேதாவிடம் ஆட்சியை ஒப்படைத்தார். ஓய்வெடுக்கவில்லை. நாட்டையே ஆண்ட மனிதர் பள்ளிக்கூட அதிகாரி வேலைக்குத் திரும்பி வந்தார். அது தமக்குக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை. 1884-ல் 1420-ம் எண் சட்டம் நிறைவேறியது. ஆரம்பக் கல்வி இலவசம், கட்டாயம், மதச் சார்பற்றது. அதற்காக அவர் பேனா பல ஆண்டுகள் உழைத்திருந்தது.

அந்த நாட்களில் இன்னொரு விவாதத்திலும் இறங்கினார். பிழைப்புத் தேடி இத்தாலியர்கள் கப்பல் கப்பலாக வந்து கொண்டிருந்தார்கள். வரவேண்டும் என்று அழைத்தவர்களில் சார்மியன்டோவும் ஒருவர். வந்தவர்கள் சங்கம் வைத்து, தம் பிள்ளைகளுக்குத் தம் மொழியில் பள்ளி நடத்தினார்கள். 1881-ல் சார்மியன்டோ அதை எதிர்த்துக் காரமாக எழுதினார். இங்கே பிறந்த குழந்தை இந்த நாட்டுக் குழந்தையாகவே வளர வேண்டும் என்றார். உழைக்க மட்டும் ஆள் வேண்டும், அவர்கள் மொழி வேண்டாம் என்றால் எப்படி? இந்தக் கேள்வி அவருக்கு உறைக்கவில்லை. அயலூரில் பிழைத்தவர்தான், ஆனால் அவர் அகதியாய்ப் போன சிலியில் பேசியதும் அவருடைய ஸ்பானிய மொழியே.

கடைசியில் உடல் நலம் தேடி வெப்பமான பராகுவேக்குப் போனார். மகனைப் பலி கொண்ட போரில் எதிரியாய் நின்ற நாடு. அதன் தலைநகர் அசுன்சியோனில் 1888 செப்டம்பர் 11-ம் தேதி காலமானார். வயது எழுபத்தேழு. உடலை ஆற்று வழியே கப்பலில் கொண்டு வந்து புவனஸ் அயர்ஸில் அடக்கம் செய்தார்கள்.

ரோசாஸின் மாளிகையை 1899-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது இருந்த இடத்தருகே 1900-ல் சார்மியன்டோவுக்குச் சிலை வைத்தார்கள். செய்தவர் பிரெஞ்சுச் சிற்பி ரோடான். 1943-ல் பனாமாவில் கூடிய அமெரிக்கக் கண்டத்துக் கல்வி அமைச்சர்கள் அவர் இறந்த செப்டம்பர் 11-ம் தேதியை ஆசிரியர் தினமாக்கினார்கள். அர்ஜென்டினாவில் அன்றுதான் பிள்ளைகள் தங்கள் வாத்தியார்களுக்குப் பூக்கொடுக்கிறார்கள்.

லா ரியோஹா பக்கம் போனால் எல் சாச்சோவின் நினைவும் வாழ்கிறது. அவர் தலையை நட்ட சதுக்கத்தை அந்த ஜனங்கள் மறக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளும் சார்மியன்டோ தொடங்கி வைத்த இலவசப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்தக் கொலையின் கதையை அவர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்வதும் அந்தப் படிப்பினால்தான்.